மினெற் டி சில்வாவின் மனைகள்: ஒரு மதிப்பீடு

ஒருவர் பிறப்பாலும் வளர்ப்பாலும் பெற்ற இயல்பு அவர் ஆக்கும் கலையிற் படிதல் இயற்கை. கவிஞர் தம் உள்ளத்தையே பாடினும், ஓவியர் தாம் கண்டவாறே தீட்டினும் குறைகூறுவாரிலர். கட்டடக் கலையோ அத்தகையதன்று. வடிவமைப்போர் ஒருவர், அதனுள் உண்டு உறங்கி வாழ்வோர் வேறொருவர். ஆதலின், கட்டடக் கலைஞர் தம் தன்னடையாளத்தைப் பிறர் இல்லத்துள் எவ்வளவிற்குப் புகுத்தலாம் என்னும் வினா எழுகின்றது. மினெற் டி சில்வாவின் (1918–1998) ஆக்கங்கள் இரண்டினை ஒப்புநோக்கின் இவ்வினாவுக்கு விடை ஒருவாறு புலப்படும்.

கண்டியிற் பிறந்த இவ்வம்மையார் இரு மரபுகளின் வழித்தோன்றல். தந்தையார் ஜோர்ஜ் ஈ. டி சில்வா சிங்கள பௌத்தர். இலங்கைத் தேசியக் காங்கிரசின் தலைவர்களுள் ஒருவர். தாயார் அக்னஸ் நெல் பறங்கியர் சமூகத்துக் கிறித்தவர். 1931இற் கிடைத்த பெண்கள் வாக்குரிமைக்காக உழைத்தவர். பம்பாயிலும் பின்னர் இலண்டனிலும் பயின்ற மினெற், 1948இல் பிரித்தானியக் கட்டடக் கலைஞர் அரச கழகத்தில் இணை அங்கத்துவம் பெற்றார். அச்சிறப்பை எய்திய முதல் ஆசியப் பெண்மணி அவரே. லெ கோர்புசியேயின் நட்பும் அவருக்கு வாய்த்தது. 1949இல் அவர் தாயகம் மீண்டபொழுது, மேனாட்டிற் கற்ற புதுநெறியும், ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலால் மதிப்புற்ற கண்டிக் கைவினைகளின்மீது கொண்ட பற்றும் அவரிடம் ஒருங்கே குடிகொண்டிருந்தன.

அவரது முதல் ஆக்கமாகிய கண்டிக் கருணாரத்ன இல்லம் 1951இல் நிறைவெய்தியது. மலைச்சரிவின் இயல்பைத் தழுவி உயர்ந்தும் தாழ்ந்தும் செல்லும் தளங்களைக் கொண்டது அது. கொங்கிறீற்றோடு தும்பறைப் பாய்ப் பின்னலும், மரபுக்கோலங் கொண்ட சுடுமண் ஓடுகளும், அரக்கு வேலைப்பாடும் அங்கே இடம்பெற்றன. நலிந்துவந்த கைவினைஞருக்கு அதனாற் பணியும் மதிப்புங் கிடைத்தமை பாராட்டத்தக்கது. ஆயினும், மரபு என எதனைத் தெரிவது என்பதைத் தீர்மானித்தது அம்மையாரின் விருப்பமே. ஒரு குடும்பத்தின் இல்லத்தில் அது குறையன்று. பல்லினத்தவர் வாழும் ஒரு குடியிருப்பு முழுவதற்கும் அதே அணிநலன்களைத் தேசிய அடையாளமெனச் சூட்டின், ஒரு சாரார் தம் சொந்த வீட்டிலேயே விருந்தினராவர்.

இவ்விடர்ப்பாட்டுக்கு அவர் கண்ட வழி கண்டியின் வட்டபுளுவ வீடமைப்புத் திட்டத்தில் விளங்குகின்றது. அரசாங்க ஊழியர்க்கென 1958இல் அமைக்கப்பட்ட அத்திட்டத்தில் ஏறத்தாழ 250 வீடுகள் இருந்தன. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் என நால்வகையினரும் அங்கே குடியேறவிருந்தனர். ஒரே வகை வீட்டை வரிசையாகக் கட்டி முடித்தல் எளிது. அம்மையாரோ குடியேறுவோர்க்கு வினாக்கொத்து ஒன்றினை வழங்கி, அவர்தம் தேவைகளையும் விருப்பங்களையும் வாழ்க்கை முறையையும் கேட்டறிந்தார். அவ்விடைகளினின்று, வருவாய்க்கும் வழக்கத்துக்கும் ஏற்றவாறு பலவகை வீடுகள் உருவாயின.

1956இன் அரசகரும மொழிச் சட்டமும் 1958இன் இனக்கலவரமும் நாட்டை இருகூறாக்கிய காலம் அது. அத்தகைய காலத்தில், நீவிர் எவ்வாறு வாழ விரும்புகின்றீர் என நால்வகையினரையும் ஒருபடித்தாகக் கேட்டமை வெறுந் தொழில்நுணுக்கமன்று, அறநிலைப்பாடுமாகும். சைவக் குடும்பம் பூசைக்கு வேண்டும் இடமும், முஸ்லிம் குடும்பம் மகளிர்க்கு வேண்டும் ஒதுக்கிடமும் வெவ்வேறானவை. கேளாதார்க்கு அவை தோன்றா.

அம்மையார் கலப்புக் குடியிற் பிறந்தமையே இதற்குக் காரணமெனக் கூறுவாருளர். அஃது அரை உண்மையே. பிறப்பு மட்டுமே காரணமாயின் கருணாரத்ன இல்லத்துக்கும் வட்டபுளுவவுக்கும் வேறுபாடு தோன்றியிராது. இரண்டையும் ஆக்கியவர் ஒருவரே. ஒரு கூரையின்கீழ் இரு வழக்கங்கள் இயலும் என்பதைப் பிறந்த வீடு அவருக்குக் காட்டியிருக்கலாம். அவ்வறிவைப் பிறரிடம் வினவும் முறையாக மாற்றியது அவர் முயற்சி. முன்னதில் அடையாளம் அணியாக நின்றது. பின்னதில் அது செவியாயிற்று.

இம்முறைக்கும் எல்லையுண்டு. வினவப்பட்டோர் எழுத்தறிந்தோர், மாதச் சம்பளம் பெறுவோர். பாய் பின்னிய கைவினைஞர் போன்றாரிடமும், வினாக்கொத்தை வாசிக்க இயலாதாரிடமும் இது எங்ஙனஞ் சென்றடையும் என்பதற்குத் திட்டத்தில் விடையில்லை. குடும்பத்தின் சார்பில் விடையளிப்பவர் தலைவராயின் அடுக்களையிலுள்ளோர் கருத்துப் புலப்படாமற் போதலுங் கூடும்.

எனினும், 1996இல் இலங்கைக் கட்டடக் கலைஞர் நிறுவகத்தின் பொற்பதக்கம் பெற்ற அம்மையாரை அழகிய மனைகளை அமைத்தவர் என்றளவில் நினைத்தல் போதாது. போர் 2009இல் முடிந்தபின் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரக்கணக்கான வீடுகள் ஒரே அச்சிற் கட்டப்பட்டன. கட்டுமுன் குடியிருப்போரைக் கேட்கும் வழக்கம் இந்நாட்டிலேயே அரை நூற்றாண்டின் முன்னர்த் தோன்றியதென்பதை வீடமைப்போர் அறிதல் நன்று. தம்மை அறிந்த கலைஞர் சிறந்தவரே. தம்மையே பிறர்க்கு அளவுகோலாக்காதவர் அவரினுஞ் சிறந்தவர்.