உரிச்சொல்லை நம்பி ஸ்பீக்கர் வாங்கலாமா?

கிடார் ஆம்புக்கு மாற்று ஸ்பீக்கர் தேடினால் முதலில் வந்து விழுவது உரிச்சொற்கள்தான். கதகதப்பான ஒலி, மணி அடித்தாற்போல மேல்ஸ்தாயி, வெண்ணெயாக வழுக்கும் டிஸ்டார்ஷன். படிக்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அதே தாளில் கீழே, சின்ன எழுத்தில் இருக்கும் ஒரு எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. சென்சிடிவிட்டி: ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி எத்தனை டெசிபல் கேட்கும் என்ற கணக்கு.

ஃபெண்டர் புளூஸ் ஜூனியரை எடுத்துக்கொள்வோம். 15 வாட் வால்வ் ஆம்ப், 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்றே ஒன்று, 8 ஓம். இதற்கு செலஸ்டியன் ஸ்பீக்கர்கள் இரண்டைப் பரிசீலிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கிரீன்பேக்: 25 வாட், 98 டெசிபல். விண்டேஜ் 30: பெயரில் 30 இருந்தாலும் 60 வாட், 100 டெசிபல். 60 வாட் என்பதால் இரண்டாவதில் சத்தம் அதிகம் என்பார்கள். முடிவு சரி, காரணம் தப்பு. அந்த 60, ஸ்பீக்கர் எவ்வளவு தாங்கும் என்பதற்கான எண். ஆம்ப் தருவது அப்பவும் அதே 15தான். சத்தத்தைக் கூட்டுவது அந்த 2 டெசிபல். கொஞ்சம்தானே என்று தோன்றும். ஆனால் ஆம்பின் வாட்டை இரட்டிப்பாக்கினாலே கிடைப்பது 3 டெசிபல்தான். அப்படிப் பார்த்தால் 15 வாட் ஆம்பை ஏறக்குறைய 24 வாட் ஆக்கியதற்குச் சமம்.

இதனால்தான் அருகருகே வைத்து வாசித்துக்காட்டும் ஒப்பீடுகள் மேல் எனக்கு நம்பிக்கை குறைவு. சத்தத்தைச் சமன் செய்யாவிட்டால், கூடுதலாக ஒலிப்பதே 'நல்ல' ஸ்பீக்கர் ஆகிவிடும், காது அப்படி. சமன் செய்தாலோ, வாங்குபவருக்குத் தெரிய வேண்டிய முக்கிய வித்தியாசமே மறைந்துபோகும். போதாததற்கு மைக் கோனை ஒட்டி நிற்கிறது. 12 அங்குலக் கோனிலிருந்து மேல் அதிர்வெண்கள் டார்ச் வெளிச்சம் மாதிரி நேர்முன்னே பாயும். ஆம்பைத் தரையில் வைத்து நின்று வாசிப்பவரின் முழங்காலுக்குத்தான் அந்தக் கூர்மை போய்ச் சேரும், காதுக்கு அல்ல.

விண்டேஜ் 30-இன் மேல்-மத்திய அதிர்வெண்கள் தூக்கலானவை. டிரம்ஸோடு மோதும் மேடையில் அது வரம். வீட்டு அறையில் தினம் ஒரு மணி நேரம் என்றால் எனக்குத் தலைவலி. வீட்டுக்கு நான் கிரீன்பேக்கையே சொல்வேன்: 2 டெசிபல் குறைவதால், வால்யூமை இன்னும் சற்றுத் திருப்பி ஆம்பை அதன் சுகமான இடத்துக்குக் கொண்டுபோகலாம். பேஸ் கூடும் என்று எந்த ஸ்பீக்கரிடமும் ரொம்ப எதிர்பார்க்க வேண்டாம். பின்பக்கம் திறந்த அந்தச் சின்னப் பெட்டி விடாது.

வாட் விஷயத்தில் மட்டும் தாராளமாக இருங்கள். முழு டிஸ்டார்ஷனில் 15 வாட் ஆம்ப் 15-ஐத் தாண்டிவிடும், அதனால் 25 நியாயமான இடைவெளி. வாக்ஸ் ஏசி 30-இல் தலா 15 வாட் புளூ ஸ்பீக்கர் இரண்டு. கூட்டினால் சரியாக 30. அழகான ஒலிதான், ஆனால் கையிருப்பே இல்லாத குடும்ப பட்ஜெட்.

ஓமில் பேரம் கிடையாது. ஆம்ப் 8 கேட்டால் 8 கொடுங்கள். மல்டிமீட்டரில் 6, 7 என்று காட்டினால் பதற வேண்டாம், அது காயிலின் டிசி மின்தடை. ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு வால்வ் ஆம்பை ஆன் பண்ணி மட்டும் பார்க்காதீர்கள். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போனால் செலவு ஸ்பீக்கரோடு நிற்காது.