பெரட்டுத் தப்பும் கணினித் தாளமும்

‘அன்னக்கிளி’ வெளிவந்தது 1976ஆம் ஆண்டில். அதன்வழி திரையிசைக்கு வந்த இளையராஜா 1986ஆம் ஆண்டில் பத்தாண்டுப் பணியை நிறைவுசெய்திருந்தார். தமிழகக் கிராமத்தின் குரலையும் மேனாட்டுச் சேர்ந்திசை முறையையும் ஒன்றோடொன்று பிணைத்தமையே அப்பத்தாண்டுகளின் சாதனை என்பதில் இரசிகர்க்கிடையே பெரும் கருத்து வேறுபாடு இருக்கவில்லை. ‘முதல் மரியாதை’ (1985) அந்தச் சாதனையின் உச்சம் எனக் கொள்ளப்பட்ட வேளையிலேதான், அடுத்த ஆண்டு ‘விக்ரம்’, ‘புன்னகை மன்னன்’ என்னும் இரு படங்களில் அவர் கணினியை நாடினார். தாளத்தின் பெரும்பங்கைப் பொறி ஏற்றது. இரசிகர் வழக்கில் அது ‘கம்பியூட்டர் இசை’ எனப் பெயர்பெற்றது. அத்துடன் அவரைக் கேட்டோர் இரு கூறாயினர்.

ஒரு சாரார் இதனை வளர்ச்சி என்றனர். மறு சாரார் வீழ்ச்சி என்றனர். இரு சாராரின் வாதங்களையும் ஊன்றி நோக்குமிடத்து அவை ஒரே எடுகோளின் மீதே நிற்பது புலனாகும். மனிதன் கையால் அடிப்பது உயிருள்ள தாளம், பொறி அடிப்பது உயிரற்ற தாளம் என்பதே அவ்வெடுகோள். முன்னையோர் உயிரைவிடப் புதுமையை விரும்பினர். பின்னையோர் புதுமையைவிட உயிரை விரும்பினர். வேறுபாடு விருப்பத்தில் மட்டுமே இருந்தது. 1965ஆம் ஆண்டில் நியூபோர்ட் நாட்டார் இசை விழாவில் பொப் டிலன் மின்கிற்றாரோடு மேடையேறியபோது கூட்டத்தில் எழுந்த எதிர்ப்பும் இத்தகையதே. அங்கும் மரப்பெட்டிக் கிற்றார் மக்களுடையது, மின்கிற்றார் வணிகருடையது என்ற பகுப்பு ஆராயப்படாமலே ஏற்றுக்கொள்ளப்பட்டிருந்தது.

இந்த எடுகோளை ஹற்றனிலோ நுவரெலியாவிலோ ஒரு லயத்து வாசலில் நின்று சோதித்துப் பார்த்தால் என்னாகும் என்பது எவரும் அதிகம் எழுப்பாத வினா. இளையராஜாவின் இசையைத் தமது சொந்தக் குரலாகக் கேட்கத் தகுந்த காரணங்கள் மலையகத் தமிழர்க்கு உண்டு. திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்குமாகக் கொண்டுவரப்பட்டோரின் வழிவந்தோர் அவர்கள். ‘அன்னக்கிளி’யில் எஸ். ஜானகியின் குரலில் ஒலித்த கிராமம், பாட்டன் பாட்டியரின் பேச்சில் மட்டும் எஞ்சியிருந்த கிராமமே. இளையராஜாவுக்கும் தேயிலைக்கும் இடையிலுள்ள உறவு அவர் திரைக்கு வருமுன்னரே தொடங்கியது என்பதும் மனங்கொள்ளத்தக்கது. அவருடைய தமையனார் பாவலர் வரதராசன் 1958இல் கேரளத்தின் தேவிகுளம் இடைத்தேர்தலில் பொதுவுடைமைக் கட்சிக்காகத் தேயிலைத் தொழிலாளர் நடுவே பாடியவர். இவ்வளவு நெருக்கம் உள்ள இடத்தில், கணினித் தாளத்தைக் கண்டு ‘உயிர் போயிற்று’ என்னும் புலம்பலே முதலில் எழவேண்டும் என எதிர்பார்ப்பது இயல்பு.

ஆயினும் தோட்டத்தில் தாளத்தின் வரலாறு வேறு. தோட்டத் தொழிலாளியின் நாளைத் தொடக்கிவைத்தது தப்பு. இருள் பிரியுமுன்னர் லயங்களுக்குக் கேட்கும்படி அடிக்கப்பட்ட பெரட்டுத் தப்பு, ஆண்களையும் பெண்களையும் பெரட்டுக் களத்துக்கு அழைத்தது. அங்கே பெயர் கூப்பிடப்பட்டது, வேலை பிரிக்கப்பட்டது, பிந்தி வந்தவருக்கு அன்றைய பெயர் கிடைக்காமல் போவதும் உண்டு. பெயர் இல்லையெனில் சம்பளமும் இல்லை. தப்பை அடித்தவனும் தொழிலாளியே. அவன் கையும் மனிதக் கையே. தோல் ஆட்டுத் தோலோ மாட்டுத் தோலோ ஆக இருந்திருக்கலாம், பொறியாக இருக்கவில்லை. ஆனால் அத்தாளத்தின் காலத்தை அவன் தீர்மானிக்கவில்லை. அதைத் தீர்மானித்தது துரையின் கடிகாரம். கடிகாரத்தின் கட்டளையைத் தோலுக்கு மாற்றும் கருவியாக அவன் கை அமைந்தது. மனிதன் அடிக்கும் பொறித்தாளம் என ஒன்று உண்டாயின் அது இதுவே எனலாம். சி.வி. வேலுப்பிள்ளை தமது தேயிலைத் தோட்டம் பற்றிய நெடுங்கவிதையை அந்த விடியற்காலை முழக்கத்தோடு தொடங்கியது தற்செயலானதன்று. தோட்டத்தில் விடியலைக் கொண்டுவந்தது சூரியனல்ல என்பதை அவர் அறிந்திருந்தார்.

ஆங்கில வரலாற்றாசிரியர் ஈ.பி. தொம்சன் 1967இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையொன்றில், கைத்தொழிற் புரட்சிக் கால இங்கிலாந்தில் கடிகாரம் தொழிலாளியின் உடலுக்குள் எவ்வாறு புகுத்தப்பட்டது என்பதை விளக்கினார். வேலை முடியுமட்டும் செய்தல் என்னும் பழைய முறை போய், நேரம் முடியுமட்டும் செய்தல் என்னும் புதிய முறை வந்தது என்பது அவர் வாதத்தின் சாரம். மலைநாட்டில் இம்மாற்றம் ஆலைச் சங்கின் மூலம் மட்டும் வரவில்லை. மக்கள் தம்மோடு கொண்டுவந்த பறையின் மூலமே வந்தது. ஊரில் சாவுக்கும் சாமிக்கும் அடித்த தோற்கருவி இங்கே வருகைப் பதிவுக்கும் அடிக்கப்பட்டது. பிற்காலத்தில் மணியும் சங்கும் அதன் இடத்தைப் பிடித்தபோது, தப்பின் அந்த வேலை போனதற்காக எவரும் கண்ணீர் விட்டதாகத் தெரியவில்லை.

இதற்கு மறுபுறமும் உண்டு. அதனைச் சொல்லாது விடுவது நேர்மையாகாது. அதே தப்பு மாசி மாதத்தில் காமன் கூத்துக்கும் அடிக்கப்பட்டது, இன்றும் அடிக்கப்படுகிறது. இரதியும் மன்மதனும் ஆடுகையில் ஓர் அடி. வீரபத்திரன் வருகையில் வேறோர் அடி. எமன் வருகையில் மற்றோர் அடி. மலைநாட்டின் பனியிலும் ஈரத்திலும் தோல் தளர்ந்துவிடும். அதனால் நெருப்பு மூட்டித் தப்பைக் காய்ச்சிக் காய்ச்சி அடிக்கவேண்டும். காய்ச்சிய உடன் எழும் ஒலி வேறு, சிறிது நேரம் கழித்து எழும் ஒலி வேறு. ஆட்டக்காரன் களைத்தால் அடிகாரன் தாமதிப்பான். அவனுக்கு அருள் வந்தால் அடிகாரன் விரைவான். இங்கே காலத்தை வைத்திருப்பவன் கடிகாரக்காரன் அல்லன். ஆடுபவனும் அடிப்பவனும் காண்பவரும் சேர்ந்தே அதனை வைத்திருக்கிறார்கள்.

ஒரே தோல், ஒரே கை, ஒரே ஆள். காலையில் அடித்தது ஒன்று. இரவில் அடித்தது மற்றொன்று. எனவே தாளத்தின் உயிர் கையிலும் இல்லை, தோலிலும் இல்லை. காலம் எவர் வசம் இருக்கிறது என்பதிலேயே அது இருக்கிறது. 1986இன் கணினி இசையை மதிப்பிடவும் இந்த அளவுகோலே பொருத்தமானது.

இவ்வளவுகோலைக் கொண்டு அவ்விரு படங்களையும் அணுகினால் அவை ஒரே தன்மையன அல்ல என்பது தெளிவாகும். இசைக் கணினியின் செயல் எளிது. ஓர் அடியைச் சம கூறுகளாகப் பிரித்து, எந்தக் கூற்றில் எந்த ஒலி எழவேண்டும் எனப் பதிந்து வைத்தால், நிறுத்தும்வரை அது பிசகாது திருப்பித் தரும். அதற்குக் களைப்பில்லை, ஈரத்தில் தளரும் தோலும் இல்லை. ‘விக்ரம்’ படத்தின் தலைப்புப் பாடலில் இத்தன்மை மறைக்கப்படவில்லை. மாறாக முன்னே நிறுத்தப்படுகிறது. கமல்ஹாசனின் குரலும் பொறியின் கூறுகளுக்குள் வெட்டிப் பொருத்தப்பட்டதுபோல் ஒலிக்கிறது. களவுபோன ஏவுகணையொன்றைத் தேடும் கதைக்கு அது பொருந்தும் என்பர். பொருந்துகிறது என்பது உண்மையே. ஆனால் பொருத்தம் வேறு, இசை வேறு. அப்பாடலில் குரல் பொறியை எங்கும் எதிர்ப்பதில்லை, அதனோடு உரையாடுவதுமில்லை. பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுகையில் ‘வந்தேன்’ என்பதுபோல, அழைத்த இடத்தில் அழைத்த கணத்தில் வந்து நிற்கிறது. முதன்முறை கேட்கும்போது கிடைக்கும் வியப்பு, பலமுறை கேட்கும்போது எஞ்சாமைக்குக் காரணம் இதுவே.

‘புன்னகை மன்னன்’ வேறு வகையானது. இதில் யமஹா நிறுவனத்தின் சி.எக்ஸ்.5எம் என்னும் இசைக் கணினி பயன்படுத்தப்பட்டது. அதனை இயக்கியவர் அக்காலத்தில் இளையராஜாவின் குழுவில் விசைப்பலகை வாசித்துவந்த திலீப் என்னும் இளைஞர்; பின்னாளில் ஏ.ஆர். ரகுமான் எனப் பெயர்பெற்றவர். படத்தின் கதாநாயகி ஒரு சிங்களப் பெண். 1983 ஜூலைக்கு மூன்றாண்டுகளின் பின் ஒரு தமிழ்ப்படம் அவளைக் காதலுக்குரியவளாக நிறுத்தியது என்பதே தனியாக ஆராயத்தக்கது. அவளைக் குயிலென விளிக்கும் பாடலில் எஸ்.பி. பாலசுப்பிரமணியமும் சித்திராவும் பொறியின் சீரான நடைக்கு மேலே சொற்களைச் சற்றே பிந்தியும் சற்றே முந்தியும் வைத்துப் பாடுகின்றனர். தாளம் நகராது, குரல் நகர்கிறது. நகராத ஒன்று கீழே இருப்பதனாலேயே குரலின் நகர்வு கேட்கிறது. அசையாத கல்லின் மீது நீர் ஓடுவது போன்றது இது. அதே படத்தில் வயலின்களைக் கொண்டு எழுதப்பட்ட காதற் கருப்பொருள் இசையும் இடம்பெறுகிறது. கணினியை ஏற்றுக்கொண்ட கையே பல வில்களை ஒருசேர இழுக்கச் செய்தது என்பதை, ‘வீழ்ச்சி’ என்றோர் கவனிக்கவில்லை. ‘வளர்ச்சி’ என்றோரும் கவனிக்கவில்லை.

இம்மாற்றத்தைத் திரும்பாத பயணம் எனக் கருதியதும் தவறே. மூன்றாண்டுகளின் பின் ‘கரகாட்டக்காரன்’ (1989) வந்தது. நாகசுரமும் தவிலும் அதன் நடுவே நின்றன. அதைவிட வேடிக்கை 1992இல் நிகழ்ந்தது. ‘ரோஜா’வின் மூலம் ரகுமான் எழுந்தபோது, இரசிகர் மீண்டும் அதே இரு கூறாகப் பிரிந்து, அதே சொற்களைக் கொண்டு வாதிட்டனர். இம்முறை பொறியின் பிரதிநிதி ரகுமான். மனிதக் கையின் பிரதிநிதி இளையராஜா! ஆறாண்டுகளுக்கு முன் எவர் மீது உயிரற்ற இசை என்னும் பழி சுமத்தப்பட்டதோ, அவரே உயிரின் காவலராக உயர்த்தப்பட்டார். அப்பதங்களுக்கு இசையை அளக்கும் ஆற்றல் இல்லை, தலைமுறைகளைப் பிரிக்கும் ஆற்றலே உண்டு என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மலையகம் எக்காலத்திலும் இசையின் தூய்மைக்குக் காவல் நின்றதில்லை. 1930களிலும் 1940களிலும் கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மை தோட்டத் தொழிலாளர் கூட்டங்களில் பாடியபோது, தொழிலாளர் பழகிய மெட்டுகளிலேயே உரிமைக் குரல் ஒலித்தது. மெட்டு எங்கிருந்து வந்தது என்பதைவிட அதில் எதனைச் சொல்லலாம் என்பதே அங்கு முக்கியமாயிற்று. பின்னர் இலங்கை வானொலி வந்தது. 1977இன் திறந்த பொருளாதாரத்தோடு யப்பானிய ஒலிநாடாக் கருவிகள் வந்தன. இவற்றில் ஒலித்த பாடல்களைப் பெரும்பாலும் மின்கலங்களே ஒலிக்கச் செய்தன. காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்கள் ஹற்றனின் அயலிலேயே அமைந்து, லக்சபானாவின் மின்சாரம் நாடெங்கும் சென்ற காலத்திலும், அந்நீர்க்கரை லயங்கள் பலவற்றில் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. மின்னிசை நல்லதா தீயதா என்னும் வாதத்தில் ஈடுபடுமுன், மின்சாரம் எவருக்கு என்னும் வினாவைக் கேட்க உரிமையுள்ளவர்கள் அவர்கள்.

கணினி இசையால் உண்மையாக இழப்புற்றவர் ஒருசாரார் உளர். அவர்கள் இரசிகர் அல்லர், வாத்தியக்காரர். இளையராஜா குழுவின் புருஷோத்தமனைப் போன்ற தாள வாத்தியக் கலைஞர் ஒருவர் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு பெட்டி வைக்கப்பட்டபோது போனது வெறும் ‘உயிர்’ அன்று. ஒரு நாட்கூலியும் அதனோடு போகக்கூடும். பொறியை எதிர்க்க நேர்மையான காரணம் அதுவே. ஆயினும் அழகியல் பேசியோர் இதனை அரிதாகவே பேசினர். அடுத்தடுத்த ஆண்டுகளில் சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களில் வயலின் வரிசைகள் மெலிந்துகொண்டு வந்தன. கலைஞனின் கை பற்றிப் பாடிய குரல்கள், அக்கைக்குரியவனின் வீட்டு அடுப்பைப் பற்றி வாய்திறக்கவில்லை.

தப்படிகாரனுக்கு அந்தப் புகழுரையும் கிடைத்ததில்லை. சாதியின் பெயரால் அக்கருவி அவன் மீது சுமத்தப்பட்டது. சாவு வீட்டில் அடிக்கவேண்டியவன் அவன். திருவிழாவில் ஒதுங்கி நிற்கவேண்டியவனும் அவனே. மலையகத்து இளைஞர் சிலர் அவனுடைய பிள்ளைகளாயிருந்தும் தப்பைத் தொட மறுத்து விசைப்பலகையை நாடினால், அது மரபைக் கைவிடுதல் எனக் கண்டிப்பது எளிது. பொறிக்குச் சாதி இல்லை என்பதை அவர்கள் அறிந்திருக்கிறார்கள். இன்று ஒரு சிறு கணினிக்குள் தப்பின் ஒலியையே பதிந்துவைத்து, வேண்டிய கூற்றில் வேண்டியவாறு ஒலிக்கச் செய்யலாம். பனியில் அத்தோல் தளர்வதில்லை. அதற்கு நெருப்பும் வேண்டியதில்லை. ஆனால் காமன் கூத்தில் வீரபத்திரன் அருள் வந்து ஒரு கணம் நின்றுவிட்டால், அவனுக்காகத் தாமதிக்க வேண்டும் என்பதை அப்பெட்டிக்கு எவரேனும் சொல்லவேண்டியிருக்கும்.