கோடு எதைக் குத்துகிறது?

நான் படிப்பிக்கிற வல்வெட்டித்துறைக்குப் பக்கத்துக் கரவெட்டியில் பிறந்தவர் 'சிரித்திரன்' சுந்தர். சவாரித்தம்பரை வைத்து யாழ்ப்பாணத்தாரின் வரட்டுக் கௌரவத்தைக் கிண்டலடித்தார். அவர் குத்தியது நடத்தையை, பிறப்பை அல்ல. கேலிச்சித்திரத்தை அளக்க இந்த ஒரு கோல் போதும்.

2018 அமெரிக்க ஓப்பன் இறுதியாட்டத்தில் செரீனா வில்லியம்ஸ் மட்டையை உடைத்தார். அதைக் கேலி செய்யலாம், தப்பில்லை. ஆனால் அவுஸ்திரேலிய 'ஹெரல்ட் சன்' பத்திரிகையில் மார்க் நைட் வரைந்த படத்தில் ஊதிப் பெருத்தவை செரீனாவின் உதடும் மூக்கும். எதிராளி ஒசாகாவின் தந்தை ஹெய்ட்டிக்காரர். படத்திலோ அவர் பொன்முடி வெள்ளைப் பெண். அந்நாட்டுப் பத்திரிகைப் பேரவை 2019இல் விதிமீறல் இல்லை என்றது. விதிக்குள் நிற்பதெல்லாம் நீதிக்குள் நிற்பதில்லை.

நமக்கு இது தூரத்துக் கதையில்லை. கட்சி மாறிய முஸ்லிம் அரசியல்வாதியைத் தாராளமாகக் கண்டிக்கட்டும். 'தொப்பி பிரட்டி' என்றால், கட்சியே இல்லாத என் வாப்பாவின் தொப்பியிலும் அல்லவா அடி விழுகிறது?

அதேவேளை, செரீனாவைத் தொலைக்காட்சியில் கண்டு 'காப்பிலிச்சி' என்று சிரித்த வீடுகள் நம்மிடமும் உண்டு. பிள்ளைக்கு பிலால் (ரலி) அவர்களின் பெயரை வைத்துவிட்டு இப்படிச் சிரிக்கலாமா?