மணல் வடிகட்டியும் பாலாற்றுத் தண்ணீரும்

பள்ளி அறிவியல் கண்காட்சிக்குப் போனா சில மாடல்கள் கண்டிப்பா இருக்கும். எரிமலை, காற்றாலை, மணல் வடிகட்டி. இந்தப் பதிவு மூணாவதைப் பத்தி.

செய்முறை தெரிஞ்சதுதான். பாட்டிலோட அடியை வெட்டித் தலைகீழா நிறுத்தி, வாயில பஞ்சு, மேல கரித்தூள், மணல், கூழாங்கல். கலங்கல் தண்ணி ஊத்தினா கீழ தெளிஞ்ச தண்ணி சொட்டும். "தண்ணீர் சுத்தமாகிவிட்டது" என்று பிள்ளைங்க சொல்வாங்க, நாம கை தட்டுவோம்.

செயல்பாடா இது நல்லதுதான். செலவு இல்லை, கையால செய்து கண்ணால பாக்கலாம். மணல் மிதக்கும் துகளைப் பிடிக்கும். கரி நிறத்தையும் வாடையையும் ஓரளவு இழுத்துக்கும். என் சண்டை அந்தக் கடைசி வாக்கியத்தோடதான். தண்ணி சுத்தமாகலை, தெளிஞ்சிருக்கு. மத்த ஊர்ல இந்த வித்தியாசம் ஒரு மார்க் விஷயம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டையில குடிக்கிற தண்ணி விஷயம்.

தோல் கெடாம இருக்க உப்புத் தடவித்தான் டேனரிக்கு வருது. ஊறவச்சுக் கழுவும்போது அந்த உப்பு கழிவுநீர்ல இறங்கும். குரோம் பதனிடும்போது தோல் பிடிக்காத குரோமியமும் சேரும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்குல உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்புச் சொன்னது. சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பகுதியாவோ முழுசாவோ சாகுபடிக்கு லாயக்கில்லாமப் போச்சுங்கிற ஆய்வு அந்தத் தீர்ப்புலயே இருக்கு. 2025 ஜனவரியிலும் இதே பிரச்சினைக்கு அந்த நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட வேண்டி வந்தது.

கரைஞ்ச உப்பு மணல்ல பிடிபடாது. தண்ணியைக் கொதிக்க வச்சா, ஆவி போய் உப்பு இன்னும் கெட்டியாகும். அப்போ நம்ம மாடல், எதை வடிகட்ட முடியுமோ அந்தச் சேற்றை மட்டும் குடுத்துப் பரிசோதிக்குது. பாஸ் ஆகுற இன்புட்டை மட்டும் வச்சு டெஸ்ட் எழுதினா, எங்க வேலையில ரிவ்யூவிலேயே திருப்பி அனுப்பிடுவாங்க.

"ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு இவ்வளவு தேவையா?"ன்னு கேக்கலாம். நான் பாடத்தைக் கூட்டச் சொல்லலை. அதே வடிகட்டியில ஒரு ஸ்பூன் உப்புக் கரைச்ச தண்ணியை ஊத்துங்க. கீழ வந்ததுல சில சொட்டை எவர்சில்வர் தட்டுல வெயில்ல காய வைங்க. வெள்ளைக் கறை நிக்கும். பக்கத்துல மழைத்தண்ணியையும் போர் தண்ணியையும் அதே மாதிரி காயவச்சு ஒப்பிடச் சொல்லுங்க. வடிகட்டின எதையும் குடிச்சுப் பாக்க வேண்டாம். கிருமியும் அதுல மிச்சம் இருக்கலாம்.

டிடிஎஸ் மீட்டர் கிடைச்சா இன்னும் நல்லது. இந்தியத் தரநிலைப்படி குடிநீர்ல லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேற நீராதாரம் இல்லைன்னா 2,000 வரை. ஆனா மீட்டர் மொத்த உப்பைத்தான் சொல்லும். குரோமியத்தோட வரம்பு 0.05 மில்லிகிராம்தான். அதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் வேணும். கையில இருக்கிற கருவிக்கு எது தெரியாதுன்னு தெரிஞ்சுக்கிறதும் அறிவியல்தான்.

அடுத்த கண்காட்சி அட்டையில "சுத்தமான நீர்" என்பதை அடிச்சிட்டு "தெளிந்த நீர்" என்று எழுதச் சொல்லுங்க. ஏன்னு எந்தப் பிள்ளையாவது கேட்டா, பாடம் அங்கதான் ஆரம்பிக்குது.