தானியத் தொட்டி

எல்லாக் குழந்தைகளும் சேர்ந்து விளையாடும் கோடை முகாம்களில் மிக எளிய கருவி தானியத் தொட்டி. அகலமான பிளாஸ்டிக் தொட்டியில் மணிக்கட்டு புதையும் அளவுக்கு அரிசி, சோளம் அல்லது பச்சைப்பயறு. அடியில் ஒளிந்திருக்கும் கூழாங்கற்கள், கரண்டிகள். கையை விட்டதும் குளிர்ச்சி. அள்ளி ஊற்றினால் ஓட்டுக் கூரையில் தூறல் விழும் ஓசை. பார்வையற்ற குழந்தை விரல்நுனியால் பயறையும் சோளத்தையும் பிரித்தறியும். பேச்சு வராத குழந்தை பக்கத்துப் பிள்ளையோடு ஒரே கூழாங்கல்லைத் தேடும். வெற்றி தோல்வி இல்லாத இந்தத் தேடல்தான் இதன் அழகு.

தொடுதல், அசைவு, சமநிலை பற்றிய செய்திகளை மூளை ஒருங்கிணைக்கும் விதத்தை அமெரிக்கத் தொழில்வழிச் சிகிச்சையாளர் ஜீன் ஏர்ஸ் 1972-இல் நூலாக விளக்கினார். அந்த ஒருங்கிணைப்பு எல்லோருக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை: ஆட்டிசம் உள்ள சில குழந்தைகளுக்குத் தானியம் படுவதே தாங்க முடியாது. அவர்களிடம் கரண்டியைக் கொடுத்துக் காத்திருக்க வேண்டும்; கையைப் பிடித்து அமிழ்த்துவது கொடுமை. சக்கர நாற்காலி உள்ளே நுழையும் மேசைமேல் தொட்டி இருக்க வேண்டும். மணிகளை வாயிலோ மூக்கிலோ போடும் வயதினர் அருகே பெரியவர் ஒருவர் அகலாமல் இருப்பது அவசியம். ஈரமோ வண்டோ கண்டால் தானியத்தை மாற்றிவிட வேண்டும்.

அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கும் இந்தத் தொட்டி ஏற்றது. எடுத்துக்காட்டாக, புனேவின் கிழக்கே ஹடப்சரில், விவசாயிகள் தம் வயல்களை ஒன்றுசேர்த்து எழுப்பிய மகர்பட்டா நகரில் இன்று அடுக்குமாடிகள் நிற்கின்றன. வெளியே இறங்க முடியாத மே மாதப் பிற்பகலில், நிழலில் வைத்த தொட்டி அங்கே நன்றாகப் பொருந்தும். இத்தகைய பொழுதுபோக்கில் மாற்றுத்திறனாளிகள் சமமாகப் பங்கேற்க வழிசெய்யும் கடமையை இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசுகளுக்கு விதித்திருக்கிறது. ஈரமோ வண்டோ கண்டால் தானியத்தை மாற்றிவிட வேண்டும்.