ஆடிக் கடைசியில் பாண்டிக்குப் போங்கள்!

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஏப்ரலிலேயே ஒரு தாளை ஒட்டிவிடுவேன். மேலே கொட்டை எழுத்தில் 'பாண்டி – ஆகஸ்ட்' என்றிருக்கும். பால் கணக்கும் கேஸ் புக் பண்ணிய தேதியும் அந்தத் தாளின் ஓரத்தில் ஏறிக்கொண்டே போகும். நடுவில் இருக்கும் என் திட்டத்தை மட்டும் யாரும் தொடக்கூடாது.

பிரான்சுக்கே போக வேண்டும் என்ற ஆசை எனக்கும் இருந்ததுதான். விசாவுக்கு இவ்வளவு, டிக்கெட்டுக்கு இவ்வளவு என்று ஒரு ராத்திரி கணக்குப் போட்டேன். விடிவதற்குள் ஆசை தானாக அடங்கிவிட்டது. பொத்தேரியில் குடியிருப்பவளுக்கு மூன்று மணி நேரத்தில் ஒரு பிரெஞ்சு ஊர் இருக்கிறது. அங்கே தெருப் பலகையில் பிரெஞ்சு, கீழேயே தமிழ். போலீஸ்காரர் தலையில் சிவப்புத் தொப்பி. அப்புறம் எதற்கு ஏழு கடல் தாண்ட வேண்டும்?

"ஏண்டி, ஆடியில எவளாவது ஊர் சுத்தக் கிளம்புவாளா?" என்று அம்மா முதல் வருஷம் கேட்டாள். நியாயமான கேள்விதான். எல்லோரும் டிசம்பரில் போகிறார்கள். டிசம்பரில் பாண்டிக் கடற்கரையில் நிற்கக்கூட இடம் கிடைக்காது, ரூம் வாடகையோ வானத்தில் நிற்கும். சனி, ஞாயிறு போனால் பாதிக் கூட்டம் பாட்டிலுக்காக வந்த கூட்டம். நான் சொல்வதைக் கேளுங்கள்: ஆகஸ்ட் நடுவில் போங்கள். பிரெஞ்சுக்காரர்களுக்கு அது கோடையின் கடைசி, நமக்கு ஆடியின் கடைசி. இரண்டும் ஒரே ஊரில் சந்தித்துக்கொள்வதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

போகிற வழியில்தான் பலர் தப்புப் பண்ணுகிறார்கள். கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறித் திண்டிவனம் வழியாகப் போனால் சீக்கிரம் போய்விடலாம், ஒன்றும் பார்க்காமலும் போய்விடலாம். நாங்கள் விடியற்காலையில் பொத்தேரி ஸ்டேஷனுக்குப் போய்விடுவோம். எட்டு மணிக்குப் பையைக்கூடக் கீழே வைக்க முடியாதபடி மாணவர் கூட்டம் மொய்க்கும் அதே பிளாட்பாரத்தில் அப்போது நாலு பேரும் ஒரு நாயும்தான் இருப்போம். காட்டாங்குளத்தூர், மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோயில், பரனூர். அதற்கப்புறம் ஜன்னல் பக்கம் கொளவாய் ஏரி வரும். அந்த நேரத்தில் ஏரித் தண்ணீர் பித்தளைத் தாம்பாளம் மாதிரி மின்னும். செங்கல்பட்டில் இறங்கி, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம். அங்கே பைபாஸில் நின்றால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாண்டி போகும் பஸ் வந்துவிடும். மீதி ஏறக்குறைய 95 கிலோமீட்டரும் கடலுக்குப் பக்கமாகவே.

ஆனால் நேரே பாண்டிக்கு டிக்கெட் எடுக்காதீர்கள். கடப்பாக்கத்தில் இறங்கி, ஆட்டோ பிடித்து ஆலம்பறைக் கோட்டைக்குப் போங்கள். என் கணக்கில் பிரெஞ்சு ஊர் அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது, நம் செங்கல்பட்டு மாவட்டத்துக்குள்ளேயே! முகலாயர் காலத்துக் கோட்டை. 1750-ல் தக்காண சுபேதார் முசாபர் ஜங் இதைப் பாண்டியின் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேக்குக் கொடுத்தான். பத்தே வருஷம்தான். 1760-ல் ஆங்கிலேயர் பிடித்து இடித்துப்போட்டார்கள். மிச்சம் இருந்ததில் 2004 சுனாமி கொஞ்சம் கொண்டுபோனது. இங்கிருந்து ஜரிகைத் துணியும் உப்பும் நெய்யும் கப்பலேறியிருக்கின்றன, காசு அச்சடிக்கும் சாலையும் இருந்திருக்கிறது. இப்போது செங்கல்லும் சுண்ணாம்பும் பல்லிளிக்கிற மதில்கள், நடுவே ஆடுகள். மதில் ஓட்டை வழியாகப் பார்த்தால் முதலில் கழிமுகம், அதற்கு அப்பால் ஒரு மணல் திட்டு, அதற்கும் அப்பால் கடல். காசு வாங்க ஆள் இல்லை, கூட்டம் இல்லை. அம்மா ஒரு சரிந்த சுவரில் உட்கார்ந்து எலுமிச்சை சாதப் பொட்டலத்தைப் பிரிப்பாள். டூப்ளே கோட்டையில் எலுமிச்சை சாதம்! இதைவிட என்ன வேண்டும்?

அடுத்து மரக்காணம். உப்பளத்தில் குவித்த உப்பு வெயிலில் கண்ணைக் கூசவைக்கும். மழைக்காலம் தொடங்கிவிட்டால் இந்தக் காட்சி கிடையாது. இதுவும் ஆகஸ்டுக்கு ஒரு மதிப்பெண்.

பாண்டியில் இறங்கியதும் முதல் விஷயம் தங்குமிடம். இதில் நான் பட்டிருக்கிறேன். போன இடத்துப் பெயர் வேண்டாம். போனில் "ஹெரிடேஜ் ஏரியா மேடம்" என்றார்கள். போய்ப் பார்த்தால் பஸ் ஸ்டாண்டு ஹாரன் விடிய விடியத் தாலாட்டியது, ஏ.சி. கட்டிலின் மேல் சொட்டியது. அதிலிருந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறேன்: "வாய்க்காலுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?" ஊரை நடுவே வகிர்கிற பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர் நகரம், மேற்கே தமிழர் நகரம். பதில் சொல்லத் தயங்கினால் போனை வைத்துவிடுங்கள்.

எல்லோரும் கிழக்கே போய் மஞ்சள் சுவரில் சாய்ந்து போட்டோ எடுக்கிறார்கள். எடுங்கள், நானும் எடுத்திருக்கிறேன். காகிதப் பூ வழியும் ஒரு கேட் விடாமல் எடுத்திருக்கிறேன். ஆனால் என் ஓட்டு மேற்குக்குத்தான். வைசியாள் வீதியில் காலை ஏழு மணிக்கு நடந்து பாருங்கள். தெருவைப் பார்த்த தாழ்வாரம், திண்ணை, மரத்தூண். தலையை நிமிர்த்தினால் மாடியில் வளைவு வைத்த பிரெஞ்சு ஜன்னல். கீழே மாமியார் வீடு, மேலே மருமகன் வீடு என்பது போல! ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையும் இந்தச் சாடைதான். டூப்ளேக்கு துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்து, 1736-லிருந்து 1761 வரை நாட்குறிப்பு எழுதிய மனிதர். அந்த நாட்குறிப்பை வைத்துப் பிரபஞ்சன் எழுதிய 'மானுடம் வெல்லும்' படித்துவிட்டு வந்தால் ரங்கப்பிள்ளை வீதியில் நடக்கும்போது காலடியில் வேறொரு ஊர் அசையும். எனக்குப் பாண்டிப் பைத்தியம் பிடித்ததே அந்த நாவலால்தான். பாண்டியில் பிறந்தவர் எழுதிய பாண்டி அல்லவா?

ஊர்ப் பேச்சைக் காது கொடுத்துக் கேளுங்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற பெரியவர் 'சொல்தா'. பஞ்சாயத்து, கொம்யூன் பஞ்சாயத்து. கடற்கரையில் வெள்ளை வெளேரென்று நிற்கும் நகராட்சிக் கட்டடம் 'மேரி'. ஆட்டோக்காரர் "இதாம்மா மேரி" என்றதும் என் அம்மா மாதா கோயிலாக்கும் என்று நெஞ்சில் கை வைத்தாள். மேரி என்றால் பிரெஞ்சில் நகர மன்றம். 2014 மழையில் பழைய கட்டடம் சரிந்துவிட்டது, அச்சு அசல் அதே சாயலில் மறுபடி கட்டி 2021-ல் திறந்தார்கள்.

ஆகஸ்டில்தான் பார்க்கக் கிடைக்கிற ஒரு காட்சி உண்டு. பிரான்சில் பள்ளி விடுமுறை. அங்கே குடியேறிய பாண்டிக் குடும்பங்கள் ஊருக்கு வரும் காலம். 1962-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு ஆறு மாத அவகாசம் கொடுத்தார்கள். அப்படி வைத்துக்கொண்டவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். குபேர் மார்க்கெட் மீன் பக்கம் ஒருமுறை பார்த்தேன். கண்டாங்கி கட்டிய பாட்டி வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்த்து விலை பேசுகிறாள். பக்கத்தில் அரை டிரவுசர் போட்ட பத்து வயதுப் பையன் மூக்கைப் பிடித்துக்கொண்டு பிரெஞ்சில் என்னவோ முனகுகிறான். பாட்டி திரும்பாமலே பிரெஞ்சில் ஒரு அதட்டல் போட்டுவிட்டு, அதே மூச்சில் மீன்காரம்மாவிடம், "தலைய தனியா வைம்மா, குழம்புக்கு" என்றாள். டிக்கெட் வாங்காமல் பார்த்த சினிமா.

இனி தேதிகள். ஆகஸ்ட் 15 நாட்டுக்கு சுதந்திர தினம், மாதா கோயில்களில் விண்ணேற்புத் திருநாள், அரவிந்தர் பிறந்த நாள், மூன்றும் ஒன்றாக வரும். அன்றைக்கு ஆசிரமத்தில் அரவிந்தர் அறையைப் பார்க்க விடுவார்கள், வரிசை நீளும். மறுநாள் 16, சட்டப்படியான இணைப்பு நாள். வாடகை வண்டி பிடித்துக் கீழூர் போய்வாருங்கள். 1954 அக்டோபர் 18-ல் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்த இடம். 170 பேர் இந்தியாவோடு சேர்வோம் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். ஒரு சின்ன நினைவு மண்டபம், சுற்றிலும் வயல். இவ்வளவு பெரிய விஷயம் இவ்வளவு அமைதியான இடத்திலா என்று இருக்கும். எனக்கு அந்த எட்டுப் பேரைப் பற்றித்தான் நினைப்பு ஓடும். ராத்திரி வீட்டுக்குப் போய் என்ன சொல்லியிருப்பார்கள்?

எல்லாவற்றுக்கும் சிகரம் வீராம்பட்டினம் தேர். ஆடி பிறந்து ஐந்தாம் வெள்ளி, செங்கழுநீர் அம்மனுக்குத் தேர். பிரெஞ்சு ஆட்சியில் கவர்னரே வந்து வடம் பிடித்துத் தொடங்கிவைப்பாராம், இன்று துணைநிலை ஆளுநர் வந்து பிடிக்கிறார். கோட்டு போட்ட வெள்ளைக்கார துரை மீனவ கிராமத்து மணலில் நின்று அம்மன் தேர் இழுத்த ஊரை 'பிரெஞ்சு ஊர்' என்று மட்டும் சொன்னால் எப்படி? தேர் நகரும்போது ஒரு சத்தம் வரும் பாருங்கள், சக்கரம் மணலை அரைக்கிற சத்தம், அது பாதத்தின் வழியாக ஏறும். கூழும் மோரும் கை கையாக வரும், மறுக்காதீர்கள். கூட்டம் தாங்கவில்லையென்றால் பக்கத்திலேயே அரிக்கமேடு. ரோமானிய மது ஜாடிகளின் துண்டுகள் கிடைத்த மண், 1945-ல் தொல்லியல் அறிஞர் வீலர் தோண்டிய இடம். அங்கே இப்போது மாந்தோப்பு நிழலும் ஒரு பாழடைந்த கட்டடமும்தான். ரோமாபுரியிலிருந்து சரக்கு வாங்கிய ஊருக்கு பிரெஞ்சுக்காரர்கள் நேற்று வந்த விருந்தாளிகள்.

பகலில் வெயில் கொளுத்தும், பொய் சொல்ல மாட்டேன். பன்னிரண்டிலிருந்து நாலு வரை ஊரே கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும், நீங்களும் தூங்குங்கள். நாலரைக்கு மேற்கே கறுக்கும். போன வருஷம் பாரதி பூங்காவில் ஆயி மண்டபத்துக்குக் கீழே மாட்டிக்கொண்டோம். வெள்ளைத் தூண்களுக்கு நடுவே நாங்கள், ஒரு பலூன்காரர், இரண்டு காலேஜ் பெண்கள். மழை சுற்றிலும் திரை போட்டுவிட்டது. பலூன்காரர்தான் ஆயி கதையைச் சொன்னார். தன் மாளிகையை இடித்துவிட்டு ஊருக்குக் குளம் வெட்டிக் கொடுத்த தாசி. பல காலம் கழித்து அந்தக் குளத்துப் பக்கத்து முத்திரப்பாளையத்துத் தண்ணீர் பாண்டிக்கு வந்தபோது, மூன்றாம் நெப்போலியன் காலத்தில் அவளுக்கு எழுப்பிய மண்டபமாம் இது. ராஜாவுக்கும் தளபதிக்கும் சிலை வைக்கிற உலகத்தில் ஒரு தாசிக்கு மண்டபம். அதுவும் ஊருக்கு நட்ட நடுவில்! அம்மா தூணைத் தடவிக்கொண்டே, "நல்லா இருக்கட்டும் மவராசி" என்றாள்.

மழை விட்டதும் கடற்கரைச் சாலை. சாயங்காலத்தில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள், ஒன்றரை கிலோமீட்டரும் நடக்கிறவர்களுக்குத்தான். செஞ்சியிலிருந்து வந்த கருங்கல் தூண்களுக்கு நடுவே காந்தி, தள்ளி 1836-ல் விளக்கேற்றிய பழைய கலங்கரை விளக்கம். ஈரத் தரையில் விளக்கு வெளிச்சம், சுண்டல் வாசனை, உப்புக் காற்று. ஆரோவில்லைக் கேட்பீர்கள். நேரம் இருந்தால் போங்கள், எனக்கு இருந்ததில்லை.

சாப்பாட்டைச் சொல்லாமல் விட்டால் பாவம். வெள்ளையர் நகரத்தில் முற்றத்தில் மேசை போட்ட ஓர் உணவகம். மெனு அட்டையில் 'வடவான்' போட்ட மீன் என்று இருந்தது. பிரெஞ்சு மசாலா என்றார் பரிமாறியவர். தட்டு வந்தது. அம்மா முகர்ந்தாள். ஒரு விள்ளல் எடுத்து வாயில் வைத்தாள். கண்ணை மூடினாள்.

"அடியே, இது நம்ம வடகம்!"

வடகமேதான். சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் அம்மா உருட்டிக் காயவைக்கும் தாளிப்பு வடகம். சின்ன வெங்காயமும் பூண்டும் இடித்து, உளுத்தம் பருப்பு, கடுகு, சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை, மஞ்சள் சேர்த்து, விளக்கெண்ணெய் தொட்டுப் பிசைந்து, பகலில் காயவைத்து ராத்திரி உருட்டி, மறுநாள் மறுபடி காயவைத்து... அதைத்தான் பாண்டி வழியாகத் தங்கள் சமையலறைக்குக் கொண்டுபோய், 'வடவம்' என்ற பெயரைக் கொஞ்சம் மூக்கால் பேசி, 'வடவான்' ஆக்கிவிட்டார்கள். பில்லைப் பார்த்ததும் அம்மாவின் பரவசம் தெளிந்தது. "இந்தக் காசுக்கு ஒரு வருஷத்து வடகம் போட்டிருப்பேன்." ஆனாலும் சமையல்காரரைக் கூப்பிட்டு, வெந்தயம் கொஞ்சம் தூக்கல் என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்தாள். அவரும் கையைத் துடைத்துக்கொண்டு, "சரிங்கம்மா" என்றார்.

இந்த வருஷத்துத் தாளும் ஃப்ரிட்ஜில் ஏறிவிட்டது. ரூம், வாய்க்காலுக்கு மேற்கே. தேர், வெள்ளி. கீழூர், 16. குடை இரண்டு. நேற்றுப் பால் கணக்கு எழுதப் போனபோதுதான் கவனித்தேன், எல்லாவற்றுக்கும் கீழே அம்மாவின் கோணல் எழுத்தில் புதிதாக ஒரு வரி: 'வடகம் 10 உருண்டை, ஓட்டல் தம்பிக்கு.'