உபரி இசை

கொள்ளைநோய்க்குப் பிறகு அமெரிக்காவில் ஜாஸ் கலைஞர்கள் பூங்காக்களிலும் தெருவோரங்களிலும் மறுபடி வாசிக்கத் தொடங்கியதைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பாலானவை ஒரே சுருதியில் இருக்கின்றன. இசை திரும்பிவிட்டது, வெளிச்சத்துக்கு, காற்றுக்கு, மக்களிடம் திரும்பிவிட்டது. நோயிலிருந்து எழுந்து உட்கார்ந்தவனைப் பார்த்து உறவுக்காரர்கள் சொல்கிற வார்த்தைகள் இவை. பரிவு இருக்கிறது, விசாரணை இல்லை. இசை எங்கும் போயிருக்கவில்லை. 2020ல் நியூ ஆர்லியன்ஸின் பெரிய ஜாஸ் விழா ரத்தானபோது, விழா நடந்திருக்க வேண்டிய நாட்களில், அந்த நகரத்து வானொலி நிலையம் ஒன்று பழைய விழாக்களின் பதிவுகளை ஒலிபரப்பியது. இசைத்தட்டுகள் அவரவர் வீட்டில் இருந்தன. அப்படியானால் போனது எது, திரும்பி வந்தது எது? இதைக் கேட்காமல் வெயிலையும் புல்தரையையும் வர்ணித்துக்கொண்டிருப்பது விமர்சனத்தின் வேலையாகாது.

ஒரு சட்ட வார்த்தையிலிருந்து தொடங்கலாம். 2020 ஆகஸ்டில் நியூயார்க் மாநில மதுபான ஆணையம் உணவகங்களுக்கும் மதுக்கடைகளுக்கும் ஒரு விதியைத் தெளிவுபடுத்தியது. இசை 'இன்ஸிடெண்டல்' ஆக இருந்தால் மட்டுமே அனுமதி. அதாவது ஆள் சாப்பிட வந்திருக்க வேண்டும். வந்த இடத்தில் இசை காதில் விழலாம். டிக்கெட் விற்கக்கூடாது. இன்னார் வாசிக்கிறார் என்று விளம்பரம் செய்யக்கூடாது. இசைக்காகவே ஒருவனை வரவழைத்தால் விதிமீறல். சாப்பாட்டுக்குத் தொட்டுக்கொள்ள இசை இருந்தால் பாதகமில்லை. அந்த வார்த்தையை நான் 'உபரி' என்று சொல்லிக்கொள்கிறேன். கூட்டம் சேரக்கூடாது என்ற சுகாதார நோக்கில் வந்த விதிதான். பிறகு அது நீதிமன்றத்துக்கும் போயிற்று. ஆனால் வார்த்தை கொள்ளைநோயில் பிறந்ததில்லை.

நியூயார்க் நகரத்தின் கபரே சட்டம் 1926ல் வந்தது. 1940 முதல் 1967 வரை மதுவிடுதிகளில் வாசிப்பவர்கள் போலீஸ் தரும் அட்டை ஒன்றை வைத்திருக்க வேண்டியிருந்தது. தெலோனியஸ் மங்க் 1951ல் அதை இழந்தார். 1957ல்தான் திரும்பப் பெற்றார். அவருடைய வாழ்வின் மிக வளமான ஆண்டுகளில் ஆறு, தன் ஊர் மதுவிடுதிகளில் சட்டப்படி உட்கார்ந்து வாசிக்க முடியாமலே கழிந்தது. கபரே உரிமம் இல்லாத இடங்களுக்கு இந்தச் சட்டம் காட்டிய சலுகையின் பெயரும் இதே உபரி இசைதான். மூன்று பேருக்கு மேல் கூடாது. பியானோ சரி, கிட்டார் சரி, தந்தி வாத்தியங்கள் சரி; டிரம்ஸ் கூடாது, ஊதுகிற வாத்தியங்கள் கூடாது. ஜாஸிலிருந்து டிரம்ஸையும் டிரம்பெட்டையும் சாக்ஸபோனையும் எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பதை வைத்துக்கொள்ளலாம் என்று பொருள். 1980களின் பின்பாதியில் நீதிமன்றம் இக்கட்டுப்பாடுகளை நீக்கியது. சட்டமே ஒழிந்தது 2017ல். மூன்றே வருஷத்தில் அந்த வார்த்தை வேறு வாசல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. ஆகவே இதை நிர்வாகத்தின் ஒரு தற்காலிக அசட்டுத்தனமாக ஒதுக்க எனக்கு மனமில்லை. கேட்பவனின் கவனத்தை முழுக்கக் கோராத இசையை அதிகாரம் எப்போதும் பொறுத்துக்கொள்ளும் என்பதே இதன் உள்ளீடு.

இனி, நின்றுபோனது எது என்று பார்க்கலாம். ஒலி காற்றில் வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. இரண்டு மீட்டர் தள்ளி நிற்பவரின் வாசிப்பு என் காதுக்கு ஆறு மில்லி வினாடியில் வந்துவிடும். இணையத்தின் வழியாக இருவர் சேர்ந்து வாசிக்கும்போது இந்தத் தாமதம் இருபத்தைந்து முப்பது மில்லி வினாடியைத் தாண்டினால் ஒவ்வொருவரும் மற்றவருக்காகக் கண்ணுக்குத் தெரியாத அளவு காத்திருக்கத் தொடங்குகிறார்கள், காலப்பிரமாணம் தொய்ந்துபோகிறது. 2020ல் நாம் திரைகளில் பார்த்த, சின்னச் சின்னக் கட்டங்களுக்குள் ஆளுக்கொருவராக வாசித்துப் பிறகு ஒட்டப்பட்ட ஜாஸில் யாரும் யாருக்கும் பதில் சொல்லவில்லை. பதில் சொல்வதுபோல் நடித்தார்கள். மனோதர்மம் என்ற நம் வார்த்தையை ஜாஸுக்குப் பொருத்துவதில் எனக்குள்ள தயக்கமும் இதுதான். அது ஒரு மனத்தின் தர்மம் என்று அர்த்தமாகிவிடுகிறது. ஜாஸில் நடப்பது நாலு ஜோடிக் காதுகளின் தர்மம். டிரம்ஸ் வாசிப்பவர் ஒரு அடியைத் தள்ளிப் போடுகிறார். அது பியானோக்காரரின் அடுத்த ஸ்வரத்தைத் தீர்மானிக்கிறது. கொள்ளைநோய் இந்தப் பரஸ்பரக் கேள்வியைத்தான் அறுத்தது.

அப்படியானால் கலைஞர்களை மட்டும் ஓர் அறையில் சேர்த்துவிட்டால் போதுமே? அதுவும் நடந்தது. 1935 முதல் இயங்கிவரும் வில்லேஜ் வான்கார்ட் என்ற நிலவறை விடுதி 2020 மார்ச்சில் மூடி, ஜூனில் காலி அறையிலிருந்து கச்சேரிகளை இணையத்தில் அனுப்பத் தொடங்கியது. பரஸ்பரக் கேள்வி திரும்பிவிட்டது. நூற்றுச் சொச்சம் நாற்காலிகள் காலி. இதற்கு ஒரு முன்னோடி உண்டு. 1960ல் சார்லஸ் மிங்கஸ் ஸ்டூடியோவுக்குள், எதிரே ஒரு ஜனமும் இல்லாமல், விடுதியில் வாசிப்பதுபோல் பாவித்துக்கொண்டு ஓர் இசைத்தட்டைப் பதிவு செய்தார். இல்லாத ரசிகர்களைப் பார்த்துக் கைதட்டாதீர்கள், கோப்பையில் ஐஸ்கட்டியை ஆட்டாதீர்கள், கல்லாப்பெட்டியை ஒலிக்கவிடாதீர்கள் என்று அறிவிக்கிறார். தன்னைத் தொந்தரவு செய்கிறவர்களை மிங்கஸ் தானே சிருஷ்டித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த உபரிச் சப்தங்களை வெறுத்த கலைஞனுக்கு அவை இல்லாத அறையில் எதை எதிர்த்து வாசிப்பது என்று தெரியவில்லை என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

1961 ஜூன் 25 ஞாயிறன்று அதே வான்கார்டில் பில் எவன்ஸ் தன் மூவர் குழுவோடு வாசித்ததன் பதிவு இருக்கிறது. பாஸ் வாசித்த ஸ்காட் லஃபாரோ அடுத்த பதினோராம் நாள் கார் விபத்தில் இறந்துபோனார். இசைக்கு அடியில் கோப்பைகள் இடிபடுகின்றன, பேச்சு நடக்கிறது, யாரோ சிரிக்கிறார்கள். பியானோ மிக மெல்ல ஒன்றைச் சொல்லும்போதும் அந்த முணுமுணுப்பு நிற்கவில்லை. இன்று தலைசிறந்ததாகக் கொண்டாடப்படும் பதிவு, நடந்த நேரத்தில் அறையிலிருந்த பாதிப் பேருக்கு உபரி இசை. ஆனால் மூவரும் ஒருவரையொருவர் கேட்டதில் ஒரு இழை குறையவில்லை. இசையை உபரியாக்குவது கேட்பவனின் அசிரத்தை மட்டுமல்ல என்று இதிலிருந்து தெரிகிறது. வாசிப்பவர்கள் தமக்குள் கேட்பதை நிறுத்தும்போதுதான் அது உண்மையில் உபரியாகிறது. சட்டத்தால் அளக்க முடியாத இடம் இது.

திறந்தவெளி இதற்கு மேல் ஒன்றைச் சேர்க்கிறது. சௌகரியத்தை அல்ல. சுவர் இல்லாத இடத்தில் ஒலி திரும்பி வருவதில்லை. தூரம் இரட்டிக்கும்தோறும் ஆறு டெசிபல் குறைகிறது. பாஸின் கீழ் ஸ்வரங்கள் கரைந்துவிடும். தோலின்மேல் உராயும் பிரஷ் தள்ளிப் போகப் போகக் கேட்காது. நிலவறையில் காதுக்குச் சும்மா கிடைத்ததை இங்கே முயற்சி செய்து பெற வேண்டும். கேட்பவன் விஷயத்திலோ நிலைமை தலைகீழ். விடுதிக்காரன் காசு கொடுத்து உட்கார்ந்தவன்; பிடிக்காவிட்டாலும் கோப்பை காலியாகும்வரை இருப்பான். பூங்காவில் நாயோடு நடப்பவன், சைக்கிளில் போகிறவன், பிள்ளையைத் தேடி வந்தவள், யாருக்கும் நிர்ப்பந்தமில்லை. எந்தக் கணத்திலும் போய்விடலாம். அப்படிப் போகக்கூடியவன் நிற்கிறான் என்றால், அந்த நிற்றல் விலைக்கு வாங்கப்பட்டதல்ல. சட்டம் உபரி என்று இகழ்ந்த கேட்பவன்தான் இங்கே சுதந்திரமாகக் கேட்பவன்.

மேடை போட்டு வேலி கட்டிய விழாக்களை இதோடு சேர்த்துப் பேசுவதில் நான் உடன்படவில்லை. 1954ல் தொடங்கிய நியூபோர்ட் விழா 2020ல் நின்று, 2021 கோடையில் குறைந்த கூட்டத்தோடு மீண்டும் நடந்தது. நல்லதுதான். ஆனால் கூரை இல்லாததெல்லாம் திறந்தவெளி ஆகிவிடாது. 1960ல் அதே நியூபோர்ட் ஊரில், பெரிய விழாவின் போக்கை எதிர்த்து, மிங்கஸும் மாக்ஸ் ரோச்சும் ஒரு ஓட்டல் வளாகத்தில் போட்டி விழாவை நடத்தியது இங்கே நினைவுக்கு வர வேண்டும். வானம் இரண்டுக்கும் பொதுவாகத்தான் இருந்தது.

நான் சொல்கிற திறந்தவெளிக்கு நியூயார்க் சென்ட்ரல் பூங்காவின் சம்மிட் பாறையை உதாரணம் காட்டலாம். ஜிம்மி காட்ஸ் என்ற புகைப்படக்காரர் தொடங்கிய ஜயண்ட் ஸ்டெப் ஆர்ட்ஸ் அமைப்பு கொள்ளைநோய்க் காலத்தில் அங்கே கச்சேரிகள் நடத்தியது. டிரம்பெட் கலைஞர் ஜேசன் பால்மரின் கச்சேரி இசைத்தட்டாகவும் வந்திருக்கிறது. அந்த இடத்துக்கு ஒரு பழைய பெயர் உண்டு, செனக்கா கிராமம். 1825 முதல் கறுப்பர்கள் நிலம் வாங்கி, வீடு கட்டி, கோயிலும் பள்ளிக்கூடமும் வைத்துக்கொண்டு குடியிருந்த ஊர். பூங்கா அமைப்பதற்காக நிலம் கையகப்படுத்தப்பட்டு, 1857ல் எல்லாரும் வெளியேற்றப்பட்டார்கள். பூங்காவின் திட்டத்தில் அந்த ஊர் ஒரு உபரி. அதே மண்ணில், உபரி இசை என்று பெயர் சூட்டப்பட்ட ஒன்றை, அதன் முழு வாத்தியங்களோடு வாசிப்பதைத் 'திரும்பி வருதல்' என்று சொன்னால் அந்தச் சொல்லுக்குக் கொஞ்சம் கனம் கிடைக்கிறது. புல்தரை வர்ணனைகளில் இல்லாத கனம்.

ஜாஸ் பிறந்த ஊரில் இந்த உண்மை வழக்கமாகவே வாழ்கிறது. நியூ ஆர்லியன்ஸ் சவ ஊர்வலத்தில் பாண்டு வாத்தியக்காரர்களும் குடும்பத்தாரும் சங்கத்தாரும் முதல் வரிசை. தெருவில் போகிறவர்கள், அழைப்பில்லாமல் பின்னால் சேர்ந்துகொள்கிறவர்கள் இரண்டாம் வரிசை. போகும்போது துக்கமாக நடக்கும் வாத்தியங்கள், புதைத்துவிட்டுத் திரும்பும்போது ஆடத் தொடங்குகின்றன. அந்த ஊர்வலத்துக்கே இரண்டாம் வரிசை என்ற பெயர் நிலைத்துவிட்டது. தற்செயலாகச் சேர்ந்தவன் வடிவத்துக்குத் தன் பெயரைக் கொடுத்துவிட்டான். 2020 ஏப்ரல் 1ந் தேதி பியானோ கலைஞரும் பல தலைமுறைகளின் ஆசிரியருமான எல்லிஸ் மார்ஸாலிஸ் எண்பத்தைந்தாவது வயதில் இந்த நோயால் இறந்தார். முந்தின நாள் நியூஜெர்சியில் டிரம்பெட் கலைஞர் வாலஸ் ரோனி. அதே மாதம் நியூயார்க்கில் லீ கோனிட்ஸ். கூட்டம் தடைப்பட்டிருந்த அந்த வாரங்களில் மார்ஸாலிஸுக்குப் பின்னால் இரண்டாம் வரிசை நடக்க முடியவில்லை. நின்றுபோனது எது என்ற கேள்விக்கு இதைவிட ஸ்தூலமான பதில் எனக்குத் தெரியவில்லை. அவருடைய இசைத்தட்டுகள் எல்லாம் இருந்தன. தெருவில் போகிறவன் சேர்ந்துகொள்ள வழியில்லை.

சுதந்திரமாகக் கேட்பவனைப் பற்றி இவ்வளவு சொன்னபின் அவன் காசு கொடுப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தொப்பியில் விழுகிற சில்லறையில் நியூயார்க்கில் வாடகை கட்ட முடியாது. சுயதொழில் செய்பவர்கள் என்ற வகையில் கலைஞர்களுக்கு 2020ல் வேலையிழப்பு உதவி கிடைத்தது. 2020 டிசம்பரில் அமெரிக்க அரசு மூடிக்கிடந்த அரங்குகளுக்காக 1500 கோடி டாலர் ஒதுக்கியது. அரங்க நடத்துநர்கள், ஏற்பாட்டாளர்கள், சினிமாக் கொட்டகைகள், அருங்காட்சியகங்கள், கலைஞர்களின் ஏஜெண்டுகள் இதைப் பெறலாம். வாசிக்கிற கலைஞன் கலைஞனாக இதில் எதையும் கேட்க முடியாது. கட்டடம் காப்பாற்றப்பட வேண்டியதுதான். ஆனால் கணக்கேட்டிலும் உபரி யார் என்பது தெளிவு.

கட்டாய மௌனத்தைத் தவமாக்கிப் பேசுகிறவர்களுக்கும் இதே பதில். ஸானி ராலின்ஸ் 1959ல் விடுதிகளைத் துறந்து இரண்டு வருஷம் வில்லியம்ஸ்பர்க் பாலத்தில் நின்று தனியாகச் சாதகம் செய்தாரே என்பார்கள். ராலின்ஸ் தாமாகப் போனார், தாமாக 1961ல் திரும்பினார். அடைக்கப்பட்டவனை அவரோடு ஒப்பிடுவது பட்டினியை விரதம் என்பது போன்றது.

நான் நியூயார்க்கைப் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்த வான்கார்ட் இசைத்தட்டில் இருக்கிற வான்கார்ட்தான். நேரில் இருத்தலின் மகிமையைப் பதிவுகளை மட்டும் கேட்டவன் பேசலாமா என்று கேட்கலாம். பேசலாம் என்றே நினைக்கிறேன். ஊசியை எடுத்துவிட எனக்கும் எந்தக் கணத்திலும் முடியும். அவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டதை அறுபது வருஷம் கழித்து ஒட்டுக்கேட்கிற, அழைக்கப்படாத இரண்டாம் வரிசைக்காரன் நான். முந்நூறு பிரதி அச்சாகும் பத்திரிகையில் எழுதுகிற நமக்கும் வாசகன் இப்படித்தான் வருகிறான். அவனை நிறுத்துவதற்காக எழுதினால் நாமும் தொட்டுக்கொள்ளும் பதார்த்தமாகிவிடுவோம். நமக்குள் ஒருவரையொருவர் கேட்கிறோமா என்பதே முதல் கேள்வி. 2021 செப்டம்பரில் வான்கார்ட் தன் கதவைத் திறந்தது. 2022 ஏப்ரல் கடைசியில் நியூ ஆர்லியன்ஸ் விழாவும் மீண்டும் நடந்தது. டிக்கெட்டும் விளம்பரமும் திரும்பிவிட்டன. உபரி என்ற வார்த்தை இப்போதைக்குச் சட்டப் புத்தகத்துக்குள் படுத்திருக்கிறது. அடுத்த நெருக்கடியில் அதுதான் முதலில் எழுந்து வரும். அப்போது பாறைமேல் நின்று வாசிக்க யார் இருப்பார்கள் என்று கவலைப்படுவது நியாயம். போகிற போக்கில் யார் நிற்பார்கள் என்பதையும் சேர்த்தே கவலைப்பட வேண்டும்.